செய்திக்குப் பதிலாக வயலின்

புதன்கிழமை, மதியம்

மாப்பிள்ளை அவர்களுக்கு,

கடிதம் என்றால் நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும். நான் நலம். என் தையல் மெஷின் நலம். கடையில் வேலை செய்யும் மூன்று பெண்களும் நலம். உங்கள் நலம்தான் தெரியவில்லை. போன் காலையிலிருந்து செத்துக் கிடக்கிறது.

இன்று ரேடியோவில் காலைச் செய்தி வரவில்லை. செய்தி வரவேண்டிய நேரத்தில் வயலின் வந்தது. வயலின் முடிந்ததும் சிற்பங்களைப் பற்றி ஒருவர் பேசினார், பிறகு புல்லாங்குழல், பிறகு நாடகம். மத்தியானச் செய்தியும் இல்லை. தலைநகரில் ராணுவம் இறங்கிவிட்டது என்று தெருவில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்னாலும் அறிவிப்புச் செய்வது என் மகள், நம் வாயாடிதான். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. பெற்ற வயிற்றில் அப்போதுதான் பால் வார்த்தது போலிருந்தது. கடைப் பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். சின்ன வயதில் எதிர்த்து எதிர்த்துப் பேசி என் உயிரை வாங்கிய வாய். இன்று அந்த வாயால்தான் எனக்கு உயிர் வந்தது.

இருந்தாலும் ஒரு வரி எழுதுங்கள். இதைக் கொண்டுவரும் பஸ் டிரைவர் என் எதிர்வீட்டுக்காரர். தங்கமான மனிதர். உங்கள் கடை விலாசம்தான் என்னிடம் இருக்கிறது, அங்கேயே கொண்டுவந்து கொடுப்பார். பதிலை அவர் கையிலேயே கொடுங்கள், தபாலில் போட வேண்டாம்.

பல் கட்டுகிறவருக்குப் பெண்ணைக் கொடுத்தேன் என்று நான் ஊரெல்லாம் குறை சொன்னது உங்களுக்குத் தெரியும். அதை மனதில் வைத்துக்கொண்டு பதில் எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமியார்


வியாழக்கிழமை, காலை

அன்புள்ள அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். செவ்வாய்க்கிழமை இரவிலிருந்து ராணுவம் இங்கே இருக்கிறது. வானொலி நிலைய வாசலில் இரண்டு லாரிகள் நிற்கின்றன. அவள் செவ்வாய் மாலை டியூட்டிக்குப் போனவள், இன்னும் வீட்டுக்கு வரவில்லை. உள்ளே இருந்தவர்களை உள்ளேயே வைத்திருக்கிறார்கள். வேலை நடக்க வேண்டும் அல்லவா, அதற்காக இருக்கும்.

நீங்கள் கேட்ட குரலை நானும் கேட்டேன். தெளிவாகத்தான் இருக்கிறது. கவலைப்படாதீர்கள். வெளியூர் எங்கும் போகாதீர்கள். படித்ததும் இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்


வியாழக்கிழமை, மாலை

மாப்பிள்ளை அவர்களுக்கு,

கோழி கிறுக்கியது போல இருக்கிறது உங்கள் கையெழுத்து. பல் செட் செய்கிற கை இப்படியா நடுங்கும்? கவலைப்படாதே என்று எழுதுகிறவர் கை இப்படி இருந்தால் நான் எதை நம்புவது?

இன்னொன்று. இன்றைக்கும் அதே வயலின். அதே சிற்பப் பேச்சு, அதே நாடகம். முதலில் நான் கவனிக்கவில்லை. கடையில் பட்டன் காஜா எடுக்கும் பெண்தான், "அம்மா, நேத்து சொன்னதையே அக்கா இன்னிக்கும் சொல்றாங்களே" என்றாள். நேற்று எந்த இடத்தில் லேசாகச் சிரித்தாளோ, இன்றும் அதே இடத்தில் சிரிக்கிறாள். இது என்ன வழக்கம்?

எனக்குத் தெரியாததை நீங்கள் தெரிந்து வைத்திருக்கிறீர்கள். மறைக்காமல் எழுதுங்கள். ஒளித்து வைத்த பயம் இரண்டு பங்காகத்தான் வளரும்.

உங்கள் மாமியார்


வெள்ளிக்கிழமை, காலை

அன்புள்ள அத்தைக்கு,

மன்னித்துவிடுங்கள். உங்கள் மனம் ஒரு நாளாவது அமைதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

நாம் கேட்பது அவள் இப்போது பேசுவதல்ல. அது பதிவு செய்த ஒலிநாடா. அடுத்த வாரம் வானொலி நிலையத்தின் ஆண்டு விழா. அன்று முழுக்கச் சங்கீதமும் கலையுமாக ஒரு நாள் ஒலிபரப்புவதாக ஏற்பாடு. அதற்கான அறிவிப்புகளையெல்லாம் அவள் போன மாதமே பதிவு செய்துவிட்டாள். சாப்பிடும்போதுகூட தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லிப் பார்ப்பாள். எனக்கு வரிக்கு வரி மனப்பாடம். உள்ளே போனவர்கள் கையில் ஒரு நாள் முழுக்க ஓடக்கூடிய நாடா தயாராகக் கிடைத்திருக்கிறது. போட்டுவிட்டார்கள். தீர்ந்ததும் திரும்பப் போடுகிறார்கள்.

அவளே ஒருமுறை எனக்குச் சொல்லியிருக்கிறாள்: முன்னாலேயே பதிவு செய்யும் நிகழ்ச்சியில் மணி எத்தனை என்று சொல்லக் கூடாது. எப்போது போடுவார்கள் என்று தெரியாது அல்லவா. நேரடியாகப் பேசுகிறவர்தான் நேரம் சொல்வார். இந்த மூன்று நாளில் நேரம் சொன்னது ஒரு ஆண் குரல். அந்தக் குரலை நான் இதற்கு முன் கேட்டதில்லை. கடையில் வேலையை விட்டுவிட்டு ரேடியோவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், அவள் ஒரு தடவையாவது மணி சொல்ல மாட்டாளா என்று. சொல்லவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது அத்தை. இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

உங்கள் மருமகன்


வெள்ளிக்கிழமை, மாலை

மாப்பிள்ளை,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெட்டிக்கொண்டிருந்த துணியைத் தாறுமாறாக வெட்டிவிட்டேன். பள்ளிக்கூடச் சீருடைக்கு ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இதை எழுதுகிறேன்.

நீங்கள் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது? பெட்டிக்குள்ளா இருக்கிறாள் அவள்? போய்க் கேளுங்கள். வாசலில் நிற்கிறவனும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே. "என் பெண்டாட்டி உள்ளே வேலை பார்க்கிறாள், எப்படி இருக்கிறாள்" என்று கேட்க ஒரு வாய் போதும். கட்டிக்கொடுக்கும்போது வாய் இல்லாத பிள்ளை, நல்ல பிள்ளை என்றுதான் உங்களைச் சொன்னார்கள். அது நல்லதற்குத்தானா என்று இப்போது யோசிக்கிறேன்.

இந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும், கோபமில்லை, பயம்தான் இப்படி எழுதுகிறது. ஆனால் போய்க் கேளுங்கள்.

மாமியார்


ஞாயிற்றுக்கிழமை, மாலை

அன்புள்ள அத்தைக்கு,

கையில் கிடைத்த காகிதத்தில் எழுதுகிறேன். டிரைவரைக் கடைக்குப் பின்னால் உட்கார வைத்திருக்கிறேன். நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே குழம்பிவிடும்.

முதலில் நல்ல செய்தி. அவள் உயிரோடு இருக்கிறாள். இன்று என் கண்ணால் பார்த்தேன்.

நேற்றுக் காலை நீங்கள் சொன்னபடி நிலையத்துக்குப் போனேன். எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. உள்ளே மாட்டிக்கொண்டவர்களின் வீட்டார் எல்லாம் கையில் ஏதோ ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு அந்த வாசலில்தான் நிற்கிறார்கள், நகல் எடுக்க வந்தவர்கள் மாதிரி. ஒலிப்பதிவாளரின் அப்பா ஒரு பழைய கரண்டு பில்லை மூன்று நாளாக நகல் எடுத்துக்கொண்டிருக்கிறார். கொஞ்ச நேரம் அவரோடு நின்றேன். பிறகு தெருவைக் கடந்து போனேன்.

சிப்பாய் துப்பாக்கியை லேசாகத் திருப்பினான். அவ்வளவுதான்.

"என்ன வேணும்?"

"ஒண்ணும் இல்லீங்க."

"உள்ள உன் ஆளு யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லீங்க. மருந்துக் கடை எந்தப் பக்கம்னு கேக்க வந்தேன்."

அவன் கையைக் காட்டினான். நான் போய் மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை வாங்கினேன். அத்தை, யாரும் இல்லை என்று என் வாயால் சொன்னேன். ஐந்து வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவளை யாரும் இல்லை என்றேன். நீங்கள் என்ன திட்டினாலும் தகும்.

மத்தியானம் கடை வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. நான் வாசலில் போய் நின்றதை யாரோ சொல்லிவிட்டார்கள், என்னைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இறங்கியவன் கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினான். மேல் வரிசைப் பல் செட், இரண்டு துண்டாக. நிலையத்தில் இருக்கும் பெரிய அதிகாரியுடையது. வந்த அன்றே உடைந்துவிட்டதாம். ஊரில் பல் டாக்டர்கள் எல்லாம் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். செருப்பு ஒட்டும் பசையைப் போட்டு ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

"இத சரி பண்ணாத்தான் ஐயா ரேடியோல பேச முடியும். அவரு பேசுனாத்தான் எங்களுக்கு விடிவு. வயலின் கேட்டுக் கேட்டுக் காது வலிக்குது" என்றான் அந்தச் சிப்பாய்.

அப்போதுதான் புரிந்தது. நாட்டுக்கு அறிவிப்பு வாசிக்க வேண்டியவர் அவர். வேறு யாரையும் நம்பி அந்தத் தாளைக் கொடுக்க மாட்டாராம். பல் இல்லாமல் பேசினால் வார்த்தை வெளியே வராது. அதனால்தான் ஐந்து நாளாக நாடெல்லாம் சங்கீதம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

பசையைச் சுரண்டி எடுத்து, இரண்டு துண்டையும் அச்சு மாவில் பதித்து, பல் செட் செய்யும் பொடியும் திரவமும் விட்டு ஒட்டினேன். நல்ல வேலை அது, என் கை அறியும். ஆனால் தேய்க்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. முன்பல்லுக்குப் பின்னால் கொஞ்சம் தடிப்பாகவே விட்டுவிட்டேன். அங்கே தடித்தால் 'ச' என்ற எழுத்து விசிலடிக்கும். தெரிந்தேதான் விட்டேன்.

இன்று காலை என்னை உள்ளே கூட்டிப் போனார்கள். பழைய இசைத்தட்டுகள் அடுக்கியிருக்கும் அறையில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். வயதானவர், மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பல்லைப் பொருத்தினேன். தாளை எடுத்து வாசித்தார். "சகோதர சகோதரிகளே" என்றதும் இரண்டு விசில். காவலுக்கு நின்றவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

நான் தயாராக வைத்திருந்ததைச் சொன்னேன். "ஒட்டின பல்லுங்க ஐயா, நாக்கு பழகணும். எழுத்தச் சுத்தமா உச்சரிக்கிறவங்க யாராவது பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தா ஒரு மணி நேரத்துல சரியாயிடும். இங்க அறிவிப்புச் செய்யுறவங்க யாராவது இருந்தா..." அதற்கு மேல் சொல்லாமல் என் கருவி டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அவளைக் கூட்டி வந்தார்கள்.

இளைத்திருக்கிறாள். தலை வாரவில்லை. காலில் யாருடையதோ ஆண் செருப்பு. காயம் எதுவும் இல்லை, நன்றாகப் பார்த்தேன். என்னைப் பார்த்தவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "டாக்டர், நான் எந்த எழுத்துச் சொல்லிக் குடுக்கணும்?" என்றாள். வீட்டில் என்னை "ஏய்" என்றுதான் கூப்பிடுவாள். என்னைப் போய் டாக்டர் என்றாள். நான் அழாமல் இருக்க டப்பாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

அவள் ஒரு வரி வாசிப்பாள், அவர் திருப்பிச் சொல்வார். 'சட்டம்' விசில். 'சமாதானம்' விசில். அவள் வாசிக்கும்போது அந்த அறையில் இருந்த எல்லோரும் நிமிர்ந்து நின்றார்கள். அவள் குரல் அப்படி. அதைத்தான் நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அவர் பல்லைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"நான் வாசிச்சா சனங்க சிரிப்பாங்க. இந்தப் பொண்ணு வாசிச்சா கேப்பாங்க. நீயே வாசிச்சிடும்மா" என்றார்.

"ஐயா, நான் வாசிக்கலீங்க" என்றாள்.

"நான் கேக்கலம்மா, சொல்றேன்."

நான் உடனே, "குடுங்க ஐயா, ரெண்டு நிமிஷத்துல தேய்ச்சு சரி பண்ணிடுறேன்" என்றேன். இனி வேண்டாம் என்று கையை அசைத்தார். என்னை வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

நாளைக் காலை ரேடியோவை வையுங்கள். அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், எழுதக் கை வரவில்லை.

உங்கள் மருமகன்


திங்கட்கிழமை, மதியம்

மாப்பிள்ளை அவர்களுக்கு,

கேட்டேன். "நேரம் காலை எட்டு மணி" என்றாள். நான் தையல் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஐந்து நொடி எனக்குச் சொர்க்கம்தான். அதற்குப் பிறகு வாசித்தாள்.

கூட்டம் கூடக் கூடாது. மாலைக்கு மேல் வெளியே வரக் கூடாது. பிடித்து வைத்திருப்பவர்களைப் பற்றி யாரும் எங்கும் விசாரிக்கக் கூடாது, விசாரித்து வாசலில் நிற்பவர்களையும் பிடிப்பார்கள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. அந்தப் பாவி மகள் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள், தெரியுமே உங்களுக்கு.

காஜா எடுக்கும் பெண்ணின் புருஷனை வியாழக்கிழமை உங்கள் ஊர்க் கல்லூரியிலிருந்து ராணுவத்தார் கொண்டுபோனார்கள். உங்களுக்கு இருக்கிற பாரம் போதும் என்று நான் எழுதவில்லை. ரேடியோ முடிந்ததும் அவள் ஊசியை நூலோடு துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். "அம்மா, நாங்க எங்கதான் போய்க் கேக்குறது? அக்காகிட்டயே கேட்டுச் சொல்லுங்களேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மற்ற இரண்டு பேரும் அவளோடு போய்விட்டார்கள். சீருடைக்குத் துணி கொடுத்திருந்த இரண்டு வீட்டார் தைக்காத துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள்.

போகட்டும். வீட்டுக்கு வந்துவிட்டாளா? வாசித்து முடித்தாயிற்றே, விட்டிருப்பார்களே. வந்தால் அவளிடம் எதுவும் கேட்காதீர்கள். முதலில் சாப்பாடு போடுங்கள்.

மாமியார்


செவ்வாய்க்கிழமை, காலை

அத்தைக்கு,

நேற்று மாலை நிலையத்துக்காரர்களை விட்டுவிட்டார்கள். ஒலிப்பதிவாளர் வந்துவிட்டார். வாட்ச்மேன் வந்துவிட்டார், நாடகப் பிரிவுக்காரர்கள் வந்துவிட்டார்கள். நாடாவை ஓட்ட இனி ஆள் தேவையில்லையாம். ஜெராக்ஸ் கடை வாசலில் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். கடைசி ஆள் வெளியே வந்ததும் சிப்பாய் கேட்டைச் சாத்தினான்.

அவள் வரவில்லை.

ஒலிப்பதிவாளர் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "அவங்களுக்குத் தனி ரூம் குடுத்திருக்காங்க. தினமும் அவங்கதான் வாசிக்கணுமாம். நல்லாத்தான் பாத்துக்குறாங்க." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

நான் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் நேற்று அவளும் வந்திருப்பாள். அந்தப் பல்லை ஒழுங்காகத் தேய்த்துக் கொடுத்திருந்தால் அந்த ஆளே வாசித்திருப்பான், அவளும் வந்திருப்பாள். அவளை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று செய்தேன். பார்த்தேன். அவ்வளவு பேரில் அவளை மட்டும் அவர் கண்ணில் காட்டிவிட்டு வந்தேன்.

இனி நீங்கள் எனக்கு எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. டிரைவர் வெறும் கையோடு வந்தாலும் புரிந்துகொள்வேன்.

உங்கள் மருமகன்


செவ்வாய்க்கிழமை, மாலை

மாப்பிள்ளை,

படித்தேன். முதலில் உங்களைத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன், ஒரு பக்கம் முழுக்க. அதை அடுப்பில் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

நீங்கள் அறிவாளியும் இல்லை, வீரரும் இல்லை. பயந்துகொண்டே அவளைத் தேடிப் போனீர்கள். நான் இங்கே உட்கார்ந்துகொண்டு போ போ என்று விரட்டினேன். போ என்று சொல்ல எனக்கு என்ன செலவு? போனவர் நீங்கள். உங்கள் இடத்தில் நான் நின்றிருந்தால், அந்தச் சிப்பாய் துப்பாக்கியைத் திருப்பியதும் நானும் மருந்துக் கடைக்குத்தான் வழி கேட்டிருப்பேன். ஒருவேளை மாத்திரை வாங்கவும் மறந்திருப்பேன்.

கடையைப் பூட்டிவிட்டேன். பூட்டாவிட்டாலும் யாரும் வரப்போவதில்லை. காஜா எடுக்கும் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். "நான் நாளன்னிக்கு அங்க போறேன். என் பொண்ணையும் கேப்பேன், உன் புருஷனையும் கேப்பேன்" என்றேன். தானும் வருவதாகச் சொன்னாள். இப்போது மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள்.

நாளை மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வருகிறோம். நீங்கள் எதுவும் பேச வேண்டாம், யோசனை எதுவும் செய்ய வேண்டாம், குறிப்பாக யோசனை. என் பக்கத்தில் நின்றால் போதும். அவள் என் மகள், இவர் அவள் புருஷன் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். யாரும் வந்து கேட்கக் கூடாது என்று அவளே ரேடியோவில் சொன்னாள், உண்மைதான். அவள் சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன், இதைக் கேட்க?

பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. வந்த பிறகும் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

நீங்கள் வீடு எடுத்த நாளிலிருந்து நான் ஒரு தடவைகூட வந்ததில்லை. எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்று டிரைவரிடம் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

அத்தை